கிணற்றடித் திடலைப் பற்றி நம் நகர்வாசிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் நகரின் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களுக்கும், அச்சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாமலே இந்நகரை நாள்தோறும் வாழத்தக்கதாக வைத்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, கிணற்றடித் திடலுக்கு வேலியிட்டு, வளர்ப்பு நாய்களைக் கயிற்றினின்று அவிழ்த்து ஓடியாட விடுவதற்குரிய பூங்காவாக அதனை ஆக்கலாம் என்னும் யோசனை நம் சங்கக் கூட்டத்தில் பிரஸ்தாபிக்கப்பட்டபோது, எழுந்த குரல்களின் வேகத்தையும், ஒருவர் சொன்னதை மற்றவர் செவிமடுக்க இயலாமற்போன நிலைமையையும் கண்டு, நான் ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு திரும்பினேன். முப்பத்தைந்தாண்டுக் காலம் அரசாங்கக் கால்நடை மருத்துவனாகப் பணியாற்றியவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைக் கேட்டு அதன் பிறகு பலர் வீட்டிற்கு வந்தார்கள். வந்தவர்க்கெல்லாம் தனித்தனியே பாதிபாதியாகச் சொல்வதைவிட, எல்லோருக்கும் ஒருமுகமாக எழுதிவிடுவதே நேர்மை என்று தோன்றியது.

என் கட்சி எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்கள் அவிழ்ந்து ஓடுவதற்கு நம் நகரில் ஓர் இடம் வேண்டும். அது கிணற்றடித் திடலிலேயே அமையலாம். ஆனால் பிள்ளைகள் விளையாடும் கீழ்ப்பகுதியில் அது அமையலாகாது. அன்றியும், அந்தத் திடலோடு நம்மைவிட நெருங்கிப் பழகுகிறவர்களாய், அன்றைய கூட்டத்திற்கு அழைக்கப்படாதவர்களாய் இருக்கும் சிலரைக் கேளாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்படலாகாது. இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். ஏனைய இரண்டையும் என்னைக் காட்டிலும் நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நாய்க்கு ஓட்டம் எதற்கு, மாடியிலும் தெருவிலும் நடப்பது போதாதா என்று அன்று ஒரு பெரியவர் கேட்டார். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் படித்த பாடங்களைக் காட்டிலும், உத்தியோகத்தின் முதல் ஏழாண்டுகளைக் கரிசற் சீமையில் கழித்தபோது கண்ணாரக் கண்டவையே அதற்கு நல்ல விடையாகும் என்று நினைக்கிறேன். சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட அந்தக் கறுப்பு மண் ஊர்களில் சிப்பிப்பாறை நாய்களையும் கன்னி நாய்களையும் குடும்பத்தில் ஒருவரைப்போல வளர்த்தார்கள். ஒட்டிய வயிறும், நீண்ட கால்களும், கூரிய முகமும் கொண்ட அவை, காட்டு முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட ஜாதிகள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் வேட்டை குற்றமாகிவிட்டதாயினும், ஓட்டம் மட்டும் அவற்றின் இரத்தத்தினின்று நீங்கிவிடவில்லை. விடியற்காலையில் ஒரு சம்சாரி தன் நாயின் கழுத்துக் கயிற்றை உருவிவிட்டதும், பருத்திக்காட்டுக்கு அப்பாலிருந்த தரிசில் அது வில்லினின்று விடுபட்ட அம்புபோல் பாய்ந்து, இரண்டு மூன்று பெரிய வட்டங்கள் சுற்றிவிட்டு, நாக்கைத் தொங்கவிட்டபடி திரும்பி வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். அதன் பிறகு நாள் முழுவதும் வீட்டுத் திண்ணையில் தவழும் குழந்தை அதன் காதைப் பிடித்து இழுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமேயன்றி உறுமுவதுகூட இல்லை.

அந்த ஊர்களுள் ஒன்றில், ஏற்றக்காலிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்த ஒரு சம்சாரி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அத்தனை நாளும் அவருடைய நாய் தொழுவத்துக் கட்டுத்தறியிலேயே கட்டப்பட்டிருந்தது. அவர் மனைவி வேளை தவறாமல் கம்பங்கஞ்சி ஊற்றினாள், தண்ணீர் வைத்தாள், வாஞ்சையோடு தடவிக்கொடுத்தாள், ஆயினும் மூன்றாம் மாதத்தில் அந்த நாய், தான் குட்டியாக வந்த நாள் முதல் அறிந்திருந்த பக்கத்து வீட்டுப் பையனின் கையைக் கடித்துவிட்டது. அதற்கு வெறிநோய் உண்டா என்று பார்ப்பதற்காக என்னை அழைத்திருந்தார்கள். பத்து நாள் வைத்துக் கவனித்தேன். நோய் ஏதும் இல்லை. கட்டிலில் படுத்தபடியே அந்தச் சம்சாரி, “நாய் கெட்டுப்போகலைய்யா, கட்டுத்தறிதான் கெடுத்துப்போட்டது” என்று கண்கலங்கச் சொன்னார். நாயின் சுபாவத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த புத்தகங்கள் பல. அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தவேண்டிய அவசியம் எனக்கு இன்றுவரை ஏற்படவில்லை.

நம் அடுக்குமாடிகளில் இன்று என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கணவனும் மனைவியும் ராஜீவ்காந்தி சாலையிலுள்ள அலுவலகங்களுக்குப் புறப்பட்டுப் போய்விட, மாலை ஏழு மணி வரையில் ஒரு லாப்ரடார் நாலடிக்கு எட்டடி பால்கனியில் தனித்திருக்கிறது. பனிப்பிரதேசத்திற்கென்று இயற்கை இரட்டை மயிர்ப்போர்வை போர்த்தி அனுப்பிய ஹஸ்கி நாய், சென்னையின் சித்திரை வெயிலில் குளிர்சாதன அறையின் ஓடுபாவிய தரையை விட்டு நகர முடியாமல் கிடக்கிறது. அவ்வளர்ப்பாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்த ஜாதி நாய்களை இந்தச் சீதோஷ்ணத்திற்குக் கொண்டுவந்தது சரியா என்பது வேறு விவாதம். வந்துவிட்ட ஜீவனுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதே இப்போதுள்ள கேள்வி. கயிற்றில் பிடித்து நடத்துவது நல்லதுதான்; பொது இடத்தில் அது கட்டாயமாக இருக்கவும் வேண்டும். ஆயினும் கயிற்றில் கட்டுண்ட இரண்டு நாய்கள் எதிர்ப்படும்போது, சுதந்திரமாக இருந்தால் பக்கவாட்டில் வளைந்து வந்து முகர்ந்து பார்த்து அறிமுகமாகிக்கொள்ளக்கூடியவை, நேருக்கு நேர் நிறுத்தப்பட்டு, கழுத்தும் இறுகிப்போவதால், நட்பாக முடியவேண்டிய சந்திப்பைப் பகையாக முடித்துக்கொள்கின்றன. நம் தெருக்களில் மாலைதோறும் கேட்கும் குரைப்பில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்ததே.

இது அந்நிய தேசத்து வழக்கம், நமக்கு எதற்கு என்று ஓர் ஆட்சேபம் எழுந்தது. நாய்ப்பூங்கா என்று தனியே ஒரு நிலத்தை வரையறுத்தது அமெரிக்காவில்தான் என்பது உண்மை. கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலி நகரில், சுரங்க ரயில் பாதைக்காக வீடுகளை இடித்த பிறகு எஞ்சிய நிலத்தில் உண்டான ஓலோனி பூங்காவின் ஒரு பகுதியை 1979-இல் நாய்களுக்கென ஒதுக்கியதே அவ்வகையில் முதலாவது என்று சொல்லப்படுகிறது. ஆனால் இப்போது அது அத்தனை தொலைவிலுள்ள வழக்கமாக இல்லை. ஹைதராபாத் மாநகராட்சி 2018-இல், குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தைக் கொண்டாபூரில் துப்புரவாக்கி நாய்ப்பூங்காவாக அமைத்தது. குப்பை கொட்டும் இடம் என்பதை உங்கள் மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

வழக்கம் வந்த வழி எதுவாயினும், நாய்க்கு மரியாதை செய்வது தமிழனுக்குப் பிறர் கற்பித்த பாடமன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் போரில் பட்டுவிழுந்த வீரனுடைய உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் அதில் செதுக்கி, கோவிவன் என்னும் அதன் பெயரைப் பொறித்து, இரண்டு கள்வரைக் கடித்து அது தன் தலைவன் அருகே காவல் நின்ற செய்தியையும் எழுதிவைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிற்றூரார் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைக்கத் தக்கதென்று கருதினார்கள் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அண்மைக் காலத்திற்கு வந்தாலும், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், மிருகவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் பயனாகவே 1960-ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. அதன்படி 1962-இல் தோன்றிய விலங்குகள் நல வாரியம் பல பத்தாண்டுகள் நம் சென்னையையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. ஜீவகாருண்யத்தில் இந்த ஊர் பின்தங்கியது என்று யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்ட பிறகு, அச்சம் என்னும் விஷயத்திற்கு வருகிறேன். அன்றைய கூட்டத்தில் நாயைக் கண்டால் அஞ்சுவதாகச் சொன்ன மூதாட்டி ஒருவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அச்சிரிப்பு என் மனத்தை மிகவும் வருத்தியது.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் கிராமத்தில் என்னோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து படித்த சிறுவனை ஒரு நாய் கடித்தது. கடிபட்ட இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். இரண்டு மாதங்களுக்குப் பின், தண்ணீர்ச் செம்பைக் கண்டதும் தொண்டை இறுகித் துடித்து, காற்று முகத்தில் பட்டாலும் அலறி, மூன்றே நாளில் அவன் இறந்துபோனான். குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலிருந்தே பாஸ்டர் நிலையம் இருந்தது. அங்கே தயாரான மருந்தும் ஜில்லா ஆஸ்பத்திரிவரை வந்துகொண்டிருந்தது. வயிற்றில் நாபியைச் சுற்றிப் போடும் அந்தப் பதினான்கு ஊசிக்கு அஞ்சியும், பஸ்ஸுக்குக் காசின்றியும், அவனுடைய தாய் தகப்பன் அவனை அழைத்துப் போகவில்லை. இன்று அந்தப் பழைய மருந்து இல்லை. புயத்தில் சில ஊசிகளோடு காரியம் முடிந்துவிடுகிறது. கடிபட்ட இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் உயிர்ப்பயம் இல்லை. ஆனால் நோய்க்குறி தோன்றிவிட்ட பிறகு, இந்த நோயினின்று மீட்க நம் வைத்தியத்தில் இன்றைக்கும் வழியில்லை என்றே சொல்லவேண்டும். நான் கால்நடை மருத்துவனானதற்கே அந்தச் சிறுவன்தான் காரணம். ஆகவே நாயை நேசிக்கிறவர்கள் நாய்க்கு அஞ்சுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாகாது என்று இரு கரம் கூப்பி வேண்டிக்கொள்கிறேன்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவொன்றில் நடந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கயிறின்றி வந்த இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண்குழந்தையைத் தலையில் கடித்துக் குதறின. பத்திரிகைகள் அந்த ஜாதி நாய்களைப் பற்றியும் தடைசெய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் பற்றியும் நிரம்ப எழுதின. என் மனத்தில் தைத்தது வேறொன்று. அந்தக் குழந்தை பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்தவள் அல்லள். அப்பூங்காவின் காவலாளியுடைய மகள். நமக்கெல்லாம் பூங்காவாக இருந்த இடம் அவளுக்கு வீட்டு வாசல். நாய் வளர்ப்பவர் ஒருபுறமும், வளர்க்காத வீட்டுக்காரர் மறுபுறமும் நின்று வாதிடும்போது, கடிபடுகிறவர் பெரும்பாலும் இவ்விரு கட்சியையும் சேராத ஒருவராகவே இருக்கிறார். அந்தச் சம்பவத்திற்குப் பிறகு மாநகராட்சி கயிறும் வாய்ப்பூட்டும் வேண்டுமென்று வற்புறுத்தியதும், 2025-இல் உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கட்டாயமென்று ஆக்கியதும் மிக நல்ல காரியங்கள்; ஆனால் இந்த நகரில் எத்தனை கயிறுகள் வாங்கப்பட்டாலும், நம் திடலின் மூலையிலுள்ள அறையில் குடியிருக்கும் காவலாளியின் குடும்பத்தை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற உண்மை அப்படியேதான் நிற்கிறது.

இந்த மடலை எழுதுவதற்கு முன் நான் போய்க் கேட்டேன். அவர்களுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு நம் தெருவைப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளரான அம்மாள், நாய்ப்பூங்கா என்றதும், “வேலிக்குள்ள போற பீயை யாருங்க ஐயா அள்ளுவாங்க?” என்று கேட்டார். வேறு கேள்வியே அவருக்கு இல்லை. இருபது வருஷமாக நம் வாசல்களில் நம் நாய்கள் கழித்த மலத்தைத் தென்னந்துடைப்பத்தாலும், துடைப்பத்திற்கு எட்டாத இடங்களில் ஒரு தகரத்துண்டாலும் அவர்தான் அள்ளிக்கொண்டிருக்கிறார்; கையுறை சில மாதங்களில் வரும், சில மாதங்களில் வராது. பூங்காவின் அழகைப் பற்றி அரைமணி நேரம் பேசிய நம் கூட்டத்தில், அந்தக் கேள்வி ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை என்பதை நினைத்து நான் வெட்கப்பட்டேன். நாயின் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருக்கின்றன. ஈரமும் வெதுவெதுப்புமான மணலில் அவை புழுவாகி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, தோலுக்கடியில் நெளிந்து நெளிந்து ஊர்ந்து, தாங்கமுடியாத அரிப்பை உண்டாக்குகின்றன. மூத்திரத்தின் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய நீரில் கலக்கக்கூடும். ஐப்பசி கார்த்திகையில் நம் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதை அறியாதவர் இல்லை. இவை இரண்டும் முதலில் யாரைத் தாக்கும்? ரப்பர்ச் செருப்பும் இல்லாமல் அங்கே நிற்கிறவர்களையல்லவா?

திடலின் கீழ்ப்பகுதியில் மாலைதோறும் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளுள் நம் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மேல் இல்லை. எஞ்சியவர்கள் வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். நம் வீடுகளில் சமைக்கவும், துணி துவைக்கவும், கார் ஓட்டவும் வருகிறவர்களுடைய பிள்ளைகள். அவர்களில் பாதிப்பேர் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஆடுவதற்கு வேறிடம் உண்டா என்று விசாரித்தேன். பள்ளிக்கூடத்து மைதானம் மணியடித்ததும் பூட்டப்பட்டுவிடுகிறது என்றார்கள். அந்த நிலத்தை அவர்களிடமிருந்து எடுத்து நாய்களுக்குத் தருவது, நாய்க்கும் பிள்ளைக்கும் இடையே மூட்டப்படுகிற பகையாக முடியும். அத்தகைய பூங்காவுக்குள் எந்த நாயும் நிம்மதியாக ஓடப்போவதில்லை.

நான்காம் குறுக்குத் தெருவிலுள்ள இஸ்லாமிய நண்பர் ஒருவரும் தம் கருத்தை என்னிடம் சொன்னார். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதிலொரு முறை மண் கலந்து, கழுவவேண்டுமென்பது அவர்கள் பின்பற்றும் மார்க்க விதி. மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலை நோக்கி நடக்கும்போது அவிழ்ந்த நாயொன்று ஓடிவந்து உடையை நக்கிவிட்டால் வீட்டுக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். “நாய்க்கு இடம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், வாசல் மட்டும் எங்கள் வழியில் இருக்கவேண்டாம்” என்றார். இவ்வளவு நியாயமான கோரிக்கையை நிறைவேற்றுவதற்கு நமக்கு ஒரு கதவைத் தெற்கே திருப்பி வைப்பதைத் தவிர வேறு செலவில்லை.

இனி, பேசாத தரப்பு ஒன்றும் அந்தத் திடலில் இருக்கிறது. மோட்டார் அறைக்குப் பின்னால் படுத்திருக்கும் நான்கு தெருநாய்களை உங்களுக்குத் தெரியும். நான்குக்கும் இடக்காதின் நுனி வெட்டப்பட்டிருக்கிறது; கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டதற்கு அடையாளம் அது. இம்முறையை நம் நாட்டில் 1964-லேயே செய்யத் தொடங்கிய பெருமை, 1959-இல் இதே சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தைச் சேரும். கொல்வதை விட்டு இதனை மேற்கொள்ள மாநகராட்சிக்கு 1996 வரையில் ஆயிற்று. 2023-ஆம் ஆண்டின் விதிகளும் நாய்களை அவற்றின் இடத்தினின்று பெயர்க்கலாகாதென்றே சொல்கின்றன. வேலியை நாம் எழுப்பினால் இந்த நான்கும் எங்கே போவது? தம் எல்லையை இழந்த நாய்கள் அடுத்த தெருவின் எல்லையில் நுழைந்து சண்டையிடும். தடுப்பூசி போடாத புது நாய்கள் காலியான இடத்திற்கு வந்து சேரும். எனவே மோட்டார் அறைக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள நிழலான பகுதியை வேலிக்கு வெளியே அவற்றுக்கென்று விட்டுவிடவேண்டும். அவற்றுக்கு நாள்தோறும் சோறு வைக்கும் மூன்றாம் தெருச் சகோதரி அதே இடத்தில், அதே வேளையில் தொடர்ந்து வைக்கட்டும்.

எந்தப் பகுதியை நாய்ப்பூங்காவாக்கலாம் என்றால், மேற்கு மூலையைத்தான் சொல்வேன். இடித்த கட்டடத்து ஜல்லியும், பழைய மெத்தைகளும், கல்யாண மண்டபத்து இலைகளுமாக நாம் பத்து வருஷமாகக் குப்பை கொட்டி நிரப்பிய அந்த நிலம் ஆறு கிரவுண்டு இருக்கும். ஹைதராபாத்தில் செய்தது போல அதைச் சுத்தம் செய்து எடுத்துக்கொண்டால், பிள்ளைகளின் ஆட்டநிலத்தில் ஒரு சாண்கூடப் போகாது. நகருக்கும் ஒரு நோய்க்கிடங்கு குறையும். ஓர் ஏக்கருக்குக் குறையாமல் இருப்பது உத்தமம் என்று இத்துறையில் தேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஏக்கர் என்பது பதினெட்டு கிரவுண்டு. அவ்வளவுக்கு நமக்கு எங்கே வழி? ஆகவே ஒரே சமயத்தில் எட்டு நாய்களுக்கு மேல் உள்ளே விடாமல், சிறு நாய்களுக்கென்று தனித் தடுப்பும் அமைத்து, இருப்பதைக் கொண்டு சமாளிக்கலாம்.

வேலி ஆறடிக்குக் குறையலாகாது. வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வேண்டும். முதற்கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறப்பது என்ற ஒழுங்கு இருந்தால், ஒரு நாயும் தெருவுக்குத் தப்பியோட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்ப்பீர்களானால் பூங்காவே வேண்டாமென்று சொல்லிவிடுவேன். புல் பத்து நாளில் மாண்டுபோகும். கிராவல் பரப்பித் தண்ணீர் வடியச் சரிவு கொடுப்பதே நம் மழைக்கு ஏற்றது. அங்கே இப்போதிருக்கும் இரண்டு வேம்பையும் புங்கையையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சப்பை மூக்கு கொண்ட பக் போன்றவற்றுக்கு அதுவும் சரியாக முடியாமல், பங்குனி சித்திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்தவற்றை நான் மேஜைமேல் கிடத்திப் பார்த்திருக்கிறேன். காலை ஏழரைக்கு மேலும் மாலை ஐந்தரைக்கு முன்னும் பூங்கா பூட்டியே இருக்கட்டும். தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் இல்லாத நாய் உள்ளே நுழையலாகாது. குட்டிகளுக்கு ஊசிகள் முடியும்வரை அனுமதி கூடாது, ஏனெனில் பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பருவத்திற்கு வந்திருக்கும் பெட்டை நாயை அந்த மூன்று வாரமும் வீட்டிலேயே வைத்துக்கொள்வது அதற்கும் நல்லது, மற்றவற்றுக்கும் நல்லது.

பணவிஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பராமரிப்புச் செலவை நாய் வளர்ப்போரே மாதச் சந்தாவாகத் தரவேண்டும். சங்கத்தின் பொது நிதியிலிருந்து எடுக்கலாகாது.

மலம் அள்ளும் வேலையோ சந்தாவிலும் அடங்காது. அவரவர் நாய் கழித்ததை அவரவரே அள்ளி, மூடியுள்ள தொட்டியில் போடவேண்டும். தூய்மைப் பணியாளர்கள் அந்த வேலிக்குள் நுழையவேண்டிய அவசியமே இருக்கலாகாது என்று தீர்மானத்தின் முதல் வாசகமாக எழுதுங்கள். இதற்குச் சம்மதமில்லாதவர்களின் நாய்கள் எனக்கு எவ்வளவு பிரியமானவையாயினும், அவர்களுக்குச் சாவி தருவதை நான் ஆதரிக்கமாட்டேன். நாய் வளர்க்கும் இளைஞர்களே, உங்களை நான் குறைவாக மதிக்கவில்லை. நள்ளிரவில் குட்டிக்கு வாந்தி என்று பதறிப்போய் என் கதவைத் தட்டியவர்கள் நீங்கள். அந்தப் பதற்றத்திலிருந்த அன்பு மெய்யானது என்று அறிவேன். அந்த அன்பில் ஒரு துளியை, உங்கள் நாய்க்குப் பின்னால் குனிந்து பெருக்கும் அம்மாளின் பக்கமும் திருப்பவேண்டுமென்று கேட்கிறேன்.

கடைசியாக, அடுத்த கூட்டத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, மாடியில், உறுப்பினர்களுக்கு மட்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு வேலை முடிவதில்லை. வீட்டு வேலை செய்கிற பெண்கள் நம் சமையலறைகளில்தான் இருப்பார்கள். காவலாளிக்கோ படியேறிவர முறைமாற்றும் ஆள் கிடையாது. கூட்டத்தை அன்று மாலை ஐந்து மணிக்கு மாற்றி, கிணற்றடித் திடலிலேயே வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளுமாறு சங்கத் தலைவரையும் செயலாளரையும் கேட்டுக்கொள்கிறேன். ஜமுக்காளங்கள் என் வீட்டிலிருந்து வந்துவிடும். பெருக்க வரும் அம்மாள் தம் தோழியர் இருவரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்; நான்காம் குறுக்குத் தெரு நண்பர் தொழுகைக்குப் போகுமுன் பேசிவிட்டுச் செல்வார்; கிரிக்கெட் பிள்ளைகள் தங்களில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். காவலாளியின் மகளுக்கு மறுநாள் பரீட்சை. அவளுடைய அறை வேப்பமரத்திற்கு இருபதடி தூரத்தில் இருப்பதால், எல்லோரும் சற்றுத் தணிந்த குரலில் பேசவேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் அண்டை வீட்டான்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்.